14 பேரிலிருந்து 40 பேர்: டெவலப்பர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

நொய்யல்

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்மென்ட் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கும் நூல் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். நாலு வருடமாக 14 டெவலப்பர்கள்தான். இந்த வருடம் திருப்பூர், ஈரோடு, சூரத் என்று ஆர்டர்கள் குவிந்துவிட்டன. அடுத்த மார்ச்சுக்குள் 40 பேர் வேண்டும் என்கிறார் எம்.டி.

மூன்று மாதமாக ஆள் எடுக்கிறோம். முதலில் ரெஸ்யூம் வடிகட்டல்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது. பிறகு ஆன்லைன் கோடிங் டெஸ்ட். அப்புறம் போர்டில் அல்காரிதம் எழுதும் ரவுண்டு. கடைசியில் எச்.ஆர். 11 பேருக்கு ஆஃபர் கொடுத்தோம், 5 பேர் சேர்ந்தார்கள்.

டெஸ்டில் முதல் மார்க் வாங்கிய பையன் உண்மையிலேயே புத்திசாலி. ஆனால், "ஒரே பில் இரண்டு முறை பதிவாகிறது, எங்கே தப்பு என்று பார்" என்று கொடுத்தால் நாலு நாள் ஆகியும் ப்ரோகிராம் கோடுக்குள் இறங்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாமா என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவர் எழுதிய கோடைப் படிக்க வருமா என்று நாங்கள் சோதிக்கவே இல்லை.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. போர்டில் லிங்க்டு லிஸ்ட்டை (ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் தரவு வரிசை) திருப்பி எழுதச் சொன்னபோது ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டார். மார்க்கரைப் பிடித்த கை நடுங்கியது. சரிவராது என்று அனுப்பிவிட்டோம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போனேன். பத்து வருட பழைய டேட்டாவை எங்கள் சிஸ்டத்துக்கு மாற்றுவதற்கான ஸ்கிரிப்ட் முழுவதையும் எழுதி வைத்திருந்தவர் அதே பெண். உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எங்கள் டீமில் அவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. என்னை அடையாளம் கண்டு "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வேகமாக வளர்ந்த கம்பெனிகள் இதை எப்படிச் செய்தன? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

பழைய பைட்

நொய்யல், நீங்கள் இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதே நல்ல தொடக்கம். நான் 20 வருடத்துக்கும் மேலாக இன்டர்வியூ மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2004 ஜூலையில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 101 நெடுஞ்சாலை ஓரம் ஒரு பலகை வைத்தார்கள். கம்பெனி பெயர் இல்லை, 'ஆட்கள் தேவை' என்ற வார்த்தையும் இல்லை. கணிதத்தில் ஈ என்று ஒரு எண் உண்டே, 2.718 என்று தொடங்குவது, அதன் இலக்கங்களில் அடுத்தடுத்து வரும் முதல் 10 இலக்கப் பகா எண், அதன் பின்னால் ஒரு டாட் காம். அவ்வளவுதான் பலகையில் இருந்தது. விடை 7427466391. அதைக் கண்டுபிடித்து அந்த முகவரிக்குப் போனால் இன்னொரு புதிர். அதையும் தாண்டினால் கூகுளுக்கு ரெஸ்யூம் அனுப்பச் சொல்லும் பக்கம். நானும் அப்போது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதி அந்த எண்ணைப் பிடித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

2004 முடிவில் கூகுளில் 3,000 பேர் சுமார். 2006 முடிவில் 10,000-ஐத் தாண்டிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல். அந்த வேகத்தில் ஆள் எடுக்கும்போது இப்படியான புதிர்கள் இன்டர்வியூ அறைக்குள்ளும் புழங்கின. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும், மன்ஹாட்டனில் எத்தனை பெட்ரோல் பங்க் என்ற ரகம். உலகம் முழுக்க மற்ற கம்பெனிகள் அதைக் காப்பி அடித்தன. நம் ஊரில்கூட ஒரு கம்பெனியில் என்னிடம் சென்னையில் எத்தனை சலூன் இருக்கும் என்று கேட்டார்கள். வேலை, ஜாவாவில் ரிப்போர்ட் எழுதுவது.

ஆனால் கூகுள் தன் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. யாருக்கு எத்தனை மதிப்பெண் போட்டோம், வந்தவர் எப்படி வேலை செய்தார் என்று ஒப்பிட்டார்கள். 2013-ல், அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அந்தப் புதிர்களால் பயனே இல்லை என்று பொதுவெளியில் சொன்னார். கல்லூரி மார்க்கும், புதிதாகப் படித்து வெளியே வருகிறவர்களைத் தவிர, வேலையில் எப்படி இருப்பார் என்பதைக் காட்டவில்லை என்றார். ஒருவரை நாலு பேர் பேட்டி எடுத்தால் போதும், ஐந்தாவது ஆளிலிருந்து கிடைக்கும் கூடுதல் தெளிவு மிகச் சொற்பம் என்பதும் அதே ஆராய்ச்சியில் வந்ததுதான். அதற்கு முன்பு ஒரே ஆளைப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பேட்டி எடுத்த காலமெல்லாம் உண்டு.

அவர்கள் செய்ததில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது புதிரை அல்ல, இரண்டு விஷயங்களை. ஒன்று, திரும்பிப் பார்த்தது. இரண்டு, பேட்டி எடுத்தவர் முடிவெடுப்பதில்லை. அவர் என்ன கேட்டார், வந்தவர் என்ன சொன்னார் என்று எழுதித் தருவார். வந்தவரை நேரில் பார்க்காத ஒரு குழு அந்தக் காகிதங்களைப் படித்து முடிவு செய்யும். டீமில் வேலை தேங்கி நிற்கிற மேனேஜருக்கு "யாராவது வந்தால் போதும்" என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அமேசானில் 1999-லிருந்து இதே காரணத்துக்காக வேறு டீமிலிருந்து ஒருவரை இன்டர்வியூவில் உட்கார வைக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

உங்கள் 14 பேரிலும் அப்படி ஒருவரை வைக்க முடியும்.

தென்காசிச் சாரல்

பைட் சார் அமெரிக்காவைச் சொல்லிவிட்டார். நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறதே, ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தது, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. இன்றைக்கு 15,000 பேருக்கு மேல். எங்கள் ஊர்ப்பக்கம் மத்தளம்பாறையில் வளாகம் வந்த பிறகு தென்காசிப் பேருந்துகளில் கழுத்தில் ஐடி கார்டோடு பிள்ளைகளைப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது.

ஆரம்பத்தில் அவர்களுக்கும் உங்கள் பிரச்சினைதான். பெயர் தெரியாத கம்பெனிக்குப் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். அதனால் கல்லூரிப் பெயரையும் மார்க்கையும் விட்டுவிட்டு ஆள் எடுத்தார்கள். பிறகு பார்த்தால் மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தமே தெரியவில்லை. இதை அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2008-லேயே எழுதியிருக்கிறார். அவர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கியவரே சொல்வதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

ஃப்ரெஷர்களுக்கான அவர்கள் ரவுண்டுகளைப் பற்றி நம் ஊர்க் கல்லூரிகளில் தெரியாதவர் கிடையாது. முதலில் எழுத்துத் தேர்வு: கொஞ்சம் ஆப்டிட்யூட், கொஞ்சம் 'இந்த சி ப்ரோகிராமின் அவுட்புட் என்ன'. அடுத்து சின்னச் சின்ன ப்ரோகிராம்கள். சார்ட் பண்ணுவதற்கு, அதாவது வரிசைப்படுத்துவதற்குக்கூட ரெடிமேட் ஃபங்ஷன் கூடாது, நீங்களே எழுத வேண்டும். அதற்கடுத்த ரவுண்டுதான் முக்கியம். சில மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழு அப்ளிகேஷன் எழுத வேண்டும். ரயில் டிக்கெட் முன்பதிவு, கால் டாக்சி புக்கிங் மாதிரி. நடுவில் ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பார், "வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர் கேன்சல் செய்தால்?" என்று கேட்பார், போய்விடுவார். நாங்கள் நாலு பேர் போனோம், ஒருவன் தேர்வானான். எங்கள் வகுப்பில் அவன் மார்க்கில் கடைசி வரிசை. ஆனால் மாற்றம் கேட்டால் மூன்று இடத்தில் தொட்டு முடித்துவிடுகிற மாதிரி கோடு எழுதியிருந்தான். எங்கள் மூன்று பேர் கோடிலும் முதல் கேன்சலேஷனே எல்லாவற்றையும் உடைத்துவிட்டது.

அன்றைக்கு அங்கே சோதித்தது டிக்கெட் முன்பதிவை அல்ல என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாளைக்கு மாறப்போகும் ஒன்றை இன்றைக்கு எப்படி எழுதுகிறாய் என்பதைத்தான் பார்த்தார்கள்.

அப்புறம் ஜோஹோ ஸ்கூல்ஸ். 2004-05 வாக்கில் ஆறே மாணவர்களோடு தொடங்கியது. ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து இரண்டு வருடம் ப்ரோகிராமிங், கணிதம், ஆங்கிலம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் கிடையாது, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை. அங்கே படித்து வந்தவர்கள் கம்பெனியில் கணிசமான பங்கு. நொய்யல் அண்ணா, நீங்கள் வைத்திருக்கும் அந்த '60, 60, 60' வடிகட்டி இருந்தால் இவர்களில் ஒருவர்கூட உங்கள் வாசலுக்கு வந்திருக்க முடியாது. டிகிரியே இல்லையே.

இரவு ஷிப்ட்

ஜோஹோ உதாரணம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்க அவர்களால் முடியும். மார்ச்சுக்குள் ஆள் வேண்டும் என்கிறவருக்கு இது எப்படி உதவும்?

நான் ஒரு ப்ராடக்ட் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். 11 ஆஃபருக்கு 5 பேர் சேர்ந்தது ஏன் என்று யாருமே கேட்கவில்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 90 நாளும் வேறு கம்பெனிகளில் பேசுவார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது, வீட்டு லோன் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. ஆனால் ஆஃபர் கொடுத்துவிட்டு ஜாயினிங் தேதியில்தான் நாம் அடுத்த போன் பண்ணுகிறோம். நடுவில் மூன்று மாதம் மௌனம். நாங்கள் இப்போது ஆஃபர் கொடுத்த வாரமே, வரப்போகும் டீமின் லீட் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மாதம் இரண்டு முறை பேசுகிறார். என்ன ப்ராஜெக்ட், எந்த இடத்தில் உட்காருவார், எல்லாம் சொல்லிவிடுகிறார். ஆஃபர் வாங்கிவிட்டுச் சேராமல் போவது பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று, 40 பேர் என்பது 14-இன் மூன்று மடங்கு இல்லை. 14 பேர் ஒருவருக்கொருவர் பேசினால் 91 ஜோடிகள். 40 பேர் என்றால் 780 ஜோடிகள். ஐ.பி.எம்.மின் பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், தாமதமான ப்ராஜெக்டில் மேலும் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவது பழைய ஆள்தானே. மாதத்துக்கு மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள்.

கயல்

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. நானும் அப்படி நின்றவள்தான். வேறு ஊர், வேறு கம்பெனி, அதே போர்டு. பின்னால் மூன்று பேர், ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விடை தெரியும். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் மனசுக்குள் எழுதி முடித்தேன்.

2020-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. 48 மாணவர்கள். பாதிப் பேர் போர்டின் முன்னால் நின்று, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே கணக்கைத் தீர்க்க வேண்டும். மீதிப் பேர் அதே கணக்கைத் தனி அறையில், யாரும் பார்க்காமல். பார்வையில் இருந்தவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெண்களைப் பார்த்தால், தனியாகச் செய்தவர்கள் எல்லோரும் தேறினார்கள், போர்டில் நின்றவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. 48 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதைப் படித்த அன்றைக்குத்தான் "நமக்கு மூளை இல்லையோ" என்று ஏழு வருடமாக என்னோடு இருந்த சந்தேகம் போனது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தனி அறை, அவருக்குப் பழகிய எடிட்டர், ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் யாரும் வேண்டாம். முடித்த பிறகு அவர் எழுதியதைப் பற்றி அவரோடு பேசுங்கள்.

இன்னொரு விஷயம், மொழி. நான் இப்போது இன்டர்வியூ எடுக்கும்போது முதல் வாக்கியத்திலேயே "தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்ல" என்று சொல்லிவிடுவேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், டேட்டாபேஸ் இண்டெக்ஸ் (தகவலைச் சீக்கிரம் தேடியெடுக்க வைக்கும் பட்டியல்) என்றால் என்ன என்று கேட்டால் ஆங்கிலத்தில் மூன்று வார்த்தைக்கு மேல் நகரவில்லை. தமிழுக்கு மாறியதும் ரேஷன் கடை கார்டு நோட்டை வைத்துப் பத்து நிமிடம் விளக்கினான். எந்த இடத்தில் இண்டெக்ஸ் போட்டால் எழுதுவது மெதுவாகும் என்பதுவரை சொன்னான். இன்றைக்கு எங்கள் டீமில் மெதுவான க்வெரி எது வந்தாலும் அவனிடம்தான் போகிறது. ஆங்கிலம் ஒரு வருடத்தில் தானாக வந்தது.

சுங்கம் பைபாஸ்

இவ்வளவு சிரமம் எதற்கு? ரெஃபரல்தான் பெஸ்ட். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். தெரிந்தவர் சொன்னால் நம்பலாம், வந்தவரும் ஓடிப்போக மாட்டார்.

பழைய பைட்

சுங்கம், ரெஃபரல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பத்து பேரை எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் நான் இருந்த ஒரு கம்பெனியில் 60 பேரில் 35 பேர் ஒரே கல்லூரி. அவர்களுக்குள் ஒருவர் கோடை இன்னொருவர் குறை சொல்ல மாட்டார். சீனியர் சொன்னதைத் திருத்த ஜூனியருக்கு வாய் வராது. ஒரு பெரிய தப்பு எட்டு மாதம் அப்படியே கிடந்தது. கண்டுபிடித்தது வெளியிலிருந்து வந்த ஒரு பெண், சேர்ந்த மூன்றாவது வாரம்.

ரெஃபரலில் வந்தவரையும் அதே ரவுண்டுகள் வழியாக அனுப்புங்கள். ரெஸ்யூமை மேலே கொண்டுவந்து வைப்பதோடு ரெஃபரலின் வேலை முடிந்துவிட வேண்டும்.

சுங்கம் பைபாஸ்

அதில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் ரெஃபரலுக்கு டெக்னிக்கல் ரவுண்டே ஒன்று குறைவு. அதை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன்.

சனிக்கிழமை எம்.டி.யோடு உட்கார்ந்து பேசினேன். 60 சதவீத வடிகட்டியை எடுத்துவிட ஒத்துக்கொண்டார். "அப்புறம் ஆயிரம் ரெஸ்யூம் வருமே, யார் படிப்பது" என்றார். அதற்கு ஒரு சின்ன முதல் ரவுண்டு வைக்கிறோம். 1 முதல் 100 வரை எண்களை எழுது, 3-ஆல் வகுபடுவதற்கு ஒரு சொல், 5-ஆல் வகுபடுவதற்கு ஒரு சொல், இரண்டாலும் என்றால் இரண்டு சொல்லும். 2007 வாக்கில் பிரபலமான ஃபிஸ்பஸ் கேள்விதான். அவ்வளவு எளிய கேள்வியா என்று எம்.டி. கேட்டார். எங்கள் பழைய விண்ணப்பதாரர்கள் 20 பேருக்குப் போனில் கொடுத்துப் பார்த்தேன், 9 பேர் முடிக்கவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

போர்டு ரவுண்டை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் வேலை ஒன்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மூன்று நாள் டைம். சரியா?

கயல்

மூன்று நாள் வேண்டாம், நொய்யல் சார். ஆறு மணிக்கு வேலை முடிந்து, குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, சமைத்து, பத்தரைக்கு மேல்தான் எனக்கு லேப்டாப் கிடைக்கும். கல்யாணம் ஆகாத பையனுக்கு அந்த மூன்று நாள் உண்மையிலேயே மூன்று நாள். எங்கள் இரண்டு பேர் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் கெட்டிக்காரனாகத் தெரிவான்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி கொடுங்கள். அதற்கு மேல் என்றால் காசு கொடுங்கள்.

பழைய பைட்

கயல் சொல்வதை ஒரு கம்பெனி அப்படியே செய்திருக்கிறது. வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக். ரெஸ்யூம் பார்த்து, எழுத்து அரட்டையிலேயே பேட்டி எடுத்து, பிறகு சில வாரங்கள் உண்மையான வேலையைக் கொடுத்தார்கள். இருக்கிற வேலையை விட வேண்டாம், ராத்திரியும் வார இறுதியும் செய்தால் போதும். மணிக்கு 25 டாலர், எந்தப் பதவிக்கு வந்தாலும் ஒரே தொகை. சில வாரம் நீள்வது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மைதான். ஆனால் காசு கொடுத்தது சரி. ஒருவரின் உழைப்பை வாங்கினால் அதற்கு விலை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுகிற கம்பெனியை நான் நம்புவேன்.

இரவு ஷிப்ட்

வீட்டுக்கு அனுப்பினால் ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்கிவிடுவார்கள். இந்த வருடம் எங்கள் ஆன்லைன் டெஸ்டில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி விடை, கமென்ட் வரிகூட ஒன்றாக இருந்தது. வீடியோ இன்டர்வியூவில் கண் ஒரு பக்கமாகவே ஓடுவதையும் பார்த்துவிட்டோம். கூகுளே 2025-ல் குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் என்று திரும்பிவிட்டது.

தென்காசிச் சாரல்

ஏ.ஐ.யை வைத்து எழுதட்டுமே. வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை வைத்துத்தானே எழுதப்போகிறார்கள்? நேரில் வந்ததும் அந்தக் கோடில் ஒரு மாற்றம் கேளுங்கள். 'வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர் கேன்சல் செய்தால்?' அவ்வளவுதான். சொந்தமாகப் புரிந்து எழுதியவர் கை நேராக அந்த வரிக்குப் போகும். மற்றவர் மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே இருப்பார். பார்த்திருக்கிறேன்.

நொய்யல்

இப்படி முடிவு செய்திருக்கிறோம். வீட்டுக்கு எதுவும் அனுப்பப்போவதில்லை. அலுவலகத்துக்கு வரச் சொல்கிறோம், வேலையில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை. போக்குவரத்துச் செலவும் அரை நாளுக்கு 1,500 ரூபாயும் தருகிறோம். தனி அறை, இன்டர்நெட் உண்டு, ஏ.ஐ.யும் வைத்துக்கொள்ளலாம்.

கொடுப்பது எங்கள் பழைய கோடிலிருந்து எடுத்த ஒரு துண்டு, சுமார் 600 வரி. கூடவே 200 பில்கள் உள்ள ஒரு ஃபைல். இரண்டு பில் இரண்டு தடவை பதிவாகியிருக்கும், ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. இரண்டாவது, சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (வாடிக்கையாளர் கணக்கில் தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டு ஸ்டாக்கில் ஏற்ற வேண்டும். சில பில்களில் தேதி நாள்-மாதம் என்றும் சிலவற்றில் மாதம்-நாள் என்றும் இருக்கும். நிஜத்தில் எங்களுக்கு அப்படித்தான் வருகிறது. முடித்ததும் எங்கள் டீமில் இரண்டு பேர் அரை மணி நேரம் பேசுவார்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. அவர்கள் எழுதித் தருவதை, ஆளைப் பார்க்காத மூன்றாவது ஒருவர் படித்து முடிவு சொல்வார். மாதம் மூன்று பேர்தான். மார்ச்சில் 40 வராது என்று எம்.டி.யிடம் சொல்லிவிட்டேன். கோபப்பட்டார், பிறகு இரண்டு ஆர்டரை ஜூனுக்குத் தள்ளச் சம்மதித்தார்.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்தேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வாடிக்கையாளரிடமிருந்து ஆளை இழுப்பது முறையில்லை, அதனால் வேலைக்குக் கூப்பிடவில்லை. இந்தக் கேள்வித்தாளை ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். தேதிக் குழப்பத்தைச் சேர்க்கச் சொன்னது அவர்தான்.

எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்துச் சொல்ல முடியுமா?

கயல்

எனக்கு அனுப்புங்கள் சார். ஞாயிறு மதியம் குழந்தை தூங்கும்போது உட்காருகிறேன்.

கயல்

முடித்துவிட்டேன். 3 மணி 20 நிமிடம் ஆனது. டபுள் பில் 50 நிமிடத்தில் கிடைத்தது, நல்ல கேள்வி, அப்படியே வையுங்கள். சேவ் பட்டனை இரண்டு முறை தட்டினால் பில் நம்பர் இரண்டு முறை உருவாகிறது, சரிதானே? கிரெடிட் நோட் பகுதிதான் நீளம். பாதிச் சரக்கு மட்டும் திரும்பி வரும் கேஸில் ஜி.எஸ்.டி.யைப் பிரிப்பதற்கே ஒரு மணி நேரம் போனது. ஜவுளிக் கணக்கு தெரியாதவருக்கு இன்னும் ஆகும், அது கோடிங் திறமையைக் காட்டாது.

நொய்யல்

டபுள் பில் காரணம் அதுவேதான். ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டேன். முழுச் சரக்கும் திரும்பி வரும் கேஸ் மட்டும் இருக்கும், பாதிச் சரக்கைப் பேச்சில் கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆள் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். பாலிடெக்னிக் டிப்ளமோ, பத்தாவதில் 54 சதவீதம்.